தறி நின்றால் கோபம் வரும் பிள்ளை

போன மாதம் வட்டார வள மையத்தில் உங்கள் பயிற்சியின் கடைசி நாளன்று என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பத்து நிமிடம் என்றார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை கையில் மைக்கைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் என்பது, காங்கேயம் காளையை அவிழ்த்துவிட்டு வாசலோடு நின்றுகொள் என்று சொல்வது மாதிரி. அதிலும் எனக்கு அடுத்த நிகழ்ச்சி மதியச் சாப்பாடு. பிரியாணி வாசனை வந்த பிறகு நான் சொன்ன எதுவும் உங்கள் மண்டையில் ஏறவில்லை என்பதை முன்வரிசைக் கொட்டாவிகளே சொல்லின. ஆகவே அன்று சொல்லாமல் விட்டதை எழுதித் தருகிறேன். வாசிக்கும்போது கொட்டாவி விட்டால் எனக்குத் தெரியப்போவதில்லை. உங்களுக்கும் வசதி, எனக்கும் மரியாதை.

நம் திட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாவது வரை எந்தப் பிள்ளையும் வெளியே நிற்கக்கூடாது, உள்ளே வந்த பிள்ளைக்கு நல்ல படிப்பு கிடைக்க வேண்டும். பார்வை, காது, கை கால், புத்தி இவற்றில் எதில் குறை இருந்தாலும் அந்தப் பிள்ளையும் அதே வகுப்பில் உட்கார வேண்டும். அதற்காகத்தான் சிறப்பாசிரியர் என்று நமக்கொரு பெயர். சொல்ல எளிது. செய்யப் போனால்தான் ஊர் எப்படிப்பட்டது என்று தெரியும்.

ஒரு பள்ளியில் சக்கர நாற்காலிக்காகச் சாய்தளம் கட்டினார்கள். அந்தப் பள்ளியில் அப்போது சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை யாரும் இல்லை. ரிப்பன் வெட்டிய மறுநாளே தலைமையாசிரியரின் ஸ்கூட்டர் அதன் வழியாக ஏறி வராந்தா நிழலில் நின்றது. அடுத்த வருடம் நிஜமாகவே ஒரு பிள்ளை சக்கர நாற்காலியில் வந்து சேர்ந்தபோது, ஸ்கூட்டரை எடுங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பழகிப்போன ஸ்கூட்டர் அல்லவா. கடைசியில் நான்தான் போய், ஸ்கூட்டருக்கு எத்தனை சதவீத ஊனம் என்று சான்றிதழ் வாங்கியிருக்கிறீர்கள் சார் என்று கேட்டேன். அவர் சிரித்தார். மறுநாள் ஸ்கூட்டர் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது.

கண்ணெதிரே நிற்கும் ஸ்கூட்டர் ஒரு சங்கடமே இல்லை. எல்லோர் கண்ணிலும் படுவதாலேயே யாருக்கும் தெரியாமல் போகிறதே, அதுதான் நம் தொழிலில் ஆளைக் கவிழ்க்கும். அப்படி ஒன்றைத்தான் சொல்ல வந்தேன்.

சோமனூர்ப் பக்கம் ஓர் ஊர். பனியன் கம்பெனி பஸ்கள் காலையில் வந்து ஆளை அள்ளிக்கொண்டு போனாலும், பாதி வீடுகளில் இன்னும் விசைத்தறி ஓடுகிறது. வீட்டை ஒட்டியே தறிக்குடோன். நடுவில் ஒரு சுவர், சில வீடுகளில் அதுவும் கிடையாது. ஊருக்குள் நுழையும்போதே தடக் தடக் என்று காலுக்கடியில் தரை பேசும். அந்த ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுத்தவர் ஜெபராஜ் சார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருக்கு இரண்டு விஷயங்கள் பெரிது. ஒன்று குரல். அவர் நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தால் அஞ்சாம் வகுப்பும் சேர்த்துப் படித்துவிடும். இன்னொன்று மீசை. மேலுதட்டை முழுதாக மூடி, கீழுதட்டுக்கும் பாதி நிழல் கொடுக்கும் மீசை.

அவர் வகுப்பில் தன்யா என்றொரு பெண். அவளைப் பற்றித்தான் என்னிடம் புகார் வந்தது.

"ஒரு சமயம் கூப்பிட்டா திரும்புதா, ஒரு சமயம் திரும்பிப் பாக்கவே மாட்டேங்கா டீச்சர். நான் ஒண்ணு கேட்டா அவ வேற ஒண்ணு சொல்லுதா. போர்டுல எழுதிப் போட்டா மட்டும் முத்து முத்தா எழுதுதா. அப்ப வேணும்னுதான செய்யுதா?"

தலைமையாசிரியை அம்மாளுக்கு வேறு கருத்து. பிள்ளைக்குப் புத்தி கொஞ்சம் மந்தம், சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்றார். தன்யாவை எதிரில் நிற்க வைத்துக்கொண்டே, இவளுக்குச் சொல்வதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான் என்று பெருமூச்சு விட்டார். குறையைத்தான் சொல்கிறோம் என்று அம்மாளுக்கும் தெரியவில்லை, கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும் தெரியவில்லை.

காது கேட்கிறதா என்று பார்த்தீர்களா என்று நீங்கள் இப்போது கேட்பீர்கள். படித்தவர்கள், கேட்கத்தான் வேண்டும். பார்த்தோம். வகுப்பில் அவளுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பினாள். கை தட்டினேன், திரும்பினாள். நடந்தது என்ன என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரித்திகா என்ற சிநேகிதி, யார் தன்யாவைக் கூப்பிட்டாலும் முழங்கையால் ஓர் இடி கொடுப்பாள். முதல் வகுப்பிலிருந்தே பழக்கம். நான் சோதித்தது ரித்திகாவின் காதை. அது நன்றாகவே வேலை செய்தது.

என்னோடு வேலை பார்த்த இன்னொரு பயிற்றுநர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் காதில் பஞ்சு வைக்காத குறை. "அங்க எனக்குத்தான் மேடம் காது கேக்கல, அந்தப் புள்ளைக்கு நல்லாக் கேக்குது" என்றார். நாலு தறி ஓடுகிற இரைச்சலில், அந்தக் கோடியில் நின்ற அம்மா என்னமோ சொல்ல, இந்தக் கோடியில் இருந்த தன்யா ஓடிப்போய்ச் சரியாக அதை எடுத்துக் கொடுத்தாளாம். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? காதில் குறையில்லை என்று முடிவாயிற்று. காது சரியென்றால் மிச்சம் இருப்பது திமிரும் மந்தமும்தான். ஜெபராஜ் சார் ஒன்றைப் பிடித்துக்கொண்டார், தலைமையாசிரியை இன்னொன்றைப் பிடித்துக்கொண்டார்.

தன்யாவின் அப்பா நடராஜ், கூலிக்குத் தறி ஓட்டுபவர். அம்மா பூங்கொடி கூட நின்று தறி பார்ப்பவர். பள்ளிக்கு இருவரையும் கூப்பிட்டுப் பேசினார்கள். சிறப்புப் பள்ளி என்றால் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும், ஊரிலிருந்து வெகுதூரம். நடராஜ் தரையைப் பார்த்தபடி, படிப்பு ஏறலைன்னா ஊட்லயே இருந்து தறியப் பாத்துக்கட்டுமுங்க, அதுக்கு எதுக்கு ஆஸ்டல் என்றார். பூங்கொடி அதற்கும் ஒப்பவில்லை, இதற்கும் ஒப்பவில்லை. தறிக்குடோனில் நின்றே தன் காலம் போய்விட்டது, மகளாவது மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் விடுதி என்ற சொல்லைக் கேட்டதுமே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்ற புள்ளய அங்க உட்டுப்போட்டு நான் இங்க எப்படிங்க சோறு திங்கறது?"

இதற்குள் தலைமையாசிரியை என்னிடம் பரிந்துரையை நீட்டிவிட்டார். மேலிடத்திலிருந்து வகுப்புகளைப் பார்வையிட வரப்போகிறார்கள், அதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும் என்பது அவர் அவசரம். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைக்கு ஏதாவது நல்லது நடக்கட்டும், அது தன் பள்ளிக்கு வெளியே நடக்கட்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். நம் ஊரில் பாதி நல்லது அப்படித்தான் நடக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால் ஒன்று அந்தப் பிள்ளை விடுதிக்குப் போகும், இல்லையென்றால் தறிக்குப் போகும். இரண்டில் எதுவானாலும் இந்த வகுப்பில் ரித்திகா பக்கத்தில் அந்த இடம் காலி.

திங்கட்கிழமை போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கென்று தனியாக எந்த ஞானமும் உதித்துவிடவில்லை. முத்து முத்தாக எழுதும் பிள்ளைக்குப் புத்தி மந்தம் என்பது மட்டும் தொண்டையில் முள் மாதிரி நின்றது. சனிக்கிழமை பள்ளி இல்லை. ஒரு தடவை நேரில் போய் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

அன்று மின்வாரியத்தின் பராமரிப்பு நாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது. பேப்பர் படிக்கிற வழக்கம் இருந்திருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். பேப்பர் படிக்காததால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை இதுதான், இதை நீங்கள் பின்பற்ற வேண்டாம்.

ஊர் வாய் மூடிக் கிடந்தது. தறிச் சத்தம் இல்லாத அந்தத் தெருவில் என் செருப்புச் சத்தமே எனக்குக் கூச்சமாக இருந்தது. நடராஜ் குடோனில் ஒரு தறிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். பூங்கொடி அடுப்படியில் இருந்தார். தன்யா நடையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்து உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து பூங்கொடி, கண்ணு, டீச்சருக்குத் தண்ணி கொண்டா என்றார். தன்யா அசையவில்லை. அடியில் படுத்தபடியே நடராஜும் ஒரு குரல் கொடுத்தார். அதற்கும் அசைவில்லை. பூங்கொடி வெளியே வந்து மகளின் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டிவிட்டு, தானே தண்ணீர் கொடுத்தார். தன்யா எழுந்து விருட்டென்று வெளியே போய்விட்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். தறி ஓடறப்ப தங்கமா இருப்பாளுங்க. தறி நின்னுபோச்சுன்னா இவளுக்கு என்னமோ கோவம் வந்துருது. நாங்க பேசிச் சிரிச்சாக்கூட ஆகாது. எந்திரிச்சுப் போயிருவா. கருப்பராயன் கோயில்ல கயிறுகூட மந்திரிச்சுக் கட்டிப் பாத்துட்டனுங்க."

பக்கத்து வீட்டுக்காரர்கள், பிள்ளைக்குச் சத்தம் பழகிவிட்டது, அமைதி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பாதி டம்ளர் தண்ணீரில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

பூங்கொடியிடம் கேட்டேன்: தறி ஓடும்போது நீங்கள் இரண்டு பேரும் எப்படிப் பேசிக்கொள்வீர்கள்? அவருக்குக் கேள்வியே புரியவில்லை. எப்படிப் பேசுவோம், பேசுவோம் என்றார். அந்த இரைச்சலில் எப்படிக் கேட்கும்? கேட்காதுங்க, ஆனா பேசுவோம் என்றார். உங்களில் தறிவீட்டுப் பிள்ளைகள் இருந்தால் இதற்குள் தலையாட்டியிருப்பீர்கள். நாடா இப்பக்கமும் அப்பக்கமும் அடித்து ஓடும் அந்தச் சத்தத்தில் யாரும் தொண்டையை வீணாக்குவதில்லை. வாயை மட்டும் அசைப்பார்கள், கூடவே கை. நூல் அறுந்ததற்கு ஒரு விரல் அசைவு, நாடாவில் நூல் தீர்ந்து தார் மாற்றுவதற்கு ஒன்று, சாப்பிட வா என்பதற்கு ஒன்று, மாமியார் வருகிறார் என்பதற்கு ஒன்று. கடைசியாகச் சொன்னது எல்லாத் தறிவீட்டிலும் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். இதற்கு அவர்கள் பெயர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. நான் தறிப்பேச்சு என்று வைத்துக்கொண்டேன்.

குடோனின் அந்தக் கோடியில் போய் நின்று, தறி ஓடுவதாக நினைத்துக்கொண்டு தன்யாவிடம் ஏதாவது சொல்லுங்கள் என்றேன். பூங்கொடிக்கு வெட்கம் வந்துவிட்டது. தறி நிற்கும்போது அப்படிச் செய்தால் பார்க்கிறவர்கள் கிறுக்கு என்பார்கள் என்றார். கிறுக்குப் பட்டம் எனக்கு, நீங்கள் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். தன்யாவைக் கூட்டி வந்து இந்தக் கோடியில் நிறுத்தினேன். பூங்கொடி முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துவிட்டு, முந்தானையை விட்டு, உதட்டை அசைத்துக் கையை ஆட்டினார். சத்தமே இல்லை.

தன்யாவின் முகம் மலர்ந்தது. ஓடிப்போய்ச் சன்னலில் இருந்த எண்ணெய்க் கேனை எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து அம்மாவிடம் பதிலுக்குக் கையால் என்னவோ சொன்னாள். பூங்கொடி மறுபடியும் சிரித்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். டீச்சர் புடவையில் காப்பிக் கறை இருக்கிறதாம்.

அப்புறம் பூங்கொடியை அவளுக்கு முதுகு காட்டித் திரும்பி நிற்கச் சொன்னேன். இப்போது வாய்விட்டு, நல்ல சத்தமாக, அதையே சொல்லுங்கள் என்றேன். சொன்னார். தெருவில் போன நாய்கூடத் திரும்பிப் பார்த்தது. தன்யா அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா எப்போது திரும்புவாள் என்று காத்திருக்கும் முகம்.

நடராஜ் தறிக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டார். அவரே தன்யாவின் பின்பக்கம் போய் நின்று, கண்ணு, கண்ணு என்று கூப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் எண்ணெய்க் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தறி ஓடறப்ப எங்க யாருக்குமே காது கேக்காதுங்களே டீச்சர். இவளுக்கு மட்டும் கேக்கலைன்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

சின்ன வயதில் காய்ச்சல் வந்து காதில் சீழ் வடிந்தது, பிறகு சரியாகிவிட்டது என்று பூங்கொடி அழுகையோடு அழுகையாகச் சொன்னார். அதற்கு முன்பே பேச்சு வந்துவிட்டதால் குறை வெளியே தெரியவில்லை. கேட்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையக் குறைய, அந்தப் பிள்ளை உதட்டைப் பார்த்தே சமாளித்திருக்கிறது. தறி ஓடும்வரை வீட்டில் எல்லோரும் அவளைப் போல. தறி நின்றால் மற்ற எல்லோருக்கும் காது திரும்பக் கிடைத்துவிடுகிறது. ஆளுக்கொரு மூலையில் இருந்து, முகம் பார்க்காமல் பேசிச் சிரிக்கிறார்கள். அவள் மட்டும் வெளியே. கோபம் வராமல் என்ன செய்யும்?

பள்ளியில் கதை இன்னும் சுலபம். ஜெபராஜ் சார் போர்டைப் பார்த்துக்கொண்டு பாடம் சொல்வார். திரும்பினால் மீசை. பாவம், அவளுக்கு எட்டியது மீசை அசைவது மட்டும்தான்.

திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போடவில்லை. மருத்துவ முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். காது டாக்டர் இரண்டு பக்கமும் சோதித்து உறுதி செய்தார், காதொலிக் கருவிக்கு எழுதிக் கொடுத்தார். இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், தலைமையாசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போதுதான் அத்தாட்சியே கிடைத்துவிட்டதே, காது கேளாதோர் பள்ளிக்கு அனுப்பிவிடலாமே என்றார்.

அந்தப் பள்ளிகளை நான் குறை சொல்லமாட்டேன். அங்கே போய்த்தான் வாய் திறந்த, கை திறந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அங்கே போக வேண்டிய பிள்ளையை இங்கேயே வைத்துக்கொண்டு அணைத்துக்கொள்வதும் தப்புதான். ஆனால் இந்தப் பிள்ளைக்கு எது சரி என்று யாராவது இப்போதே சொல்லியாக வேண்டும், எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் நான் ஒரு காரியம் செய்வேன். ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு வகுப்பைப் போய்ப் பார்ப்பேன். மேசையில் உட்கார்ந்து யோசித்தால் மேசையின் புத்திதான் வரும்.

நாலாம் வகுப்பு வாசலில் நின்றேன். உள்ளே சார் இல்லை. பிள்ளைகள் சத்தம் போடக்கூடாது என்று வகுப்புத் தலைவன் நிறுத்தப்பட்டிருந்தான். சத்தமே இல்லை. ஆனால் கடைசி வரிசை முன்வரிசையோடு பேசிக்கொண்டிருந்தது, சன்னலோரம் கதவோரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் உதடும் கையும். தன்யா நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பஞ்சாயத்து செய்துகொண்டிருந்தாள். அந்த வகுப்பில் முக்கால்வாசி தறிவீட்டுப் பிள்ளைகள்.

திரும்பி வந்து தலைமையாசிரியையிடம் சொன்னேன்: அந்த வகுப்பில் தன்யாவோடு பேசத் தெரியாதவர் ஒரே ஒருவர்தான். அவரை வேண்டுமானால் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிப் பார்ப்போம். அம்மாள் சிரிப்பை அடக்க முயன்று முடியாமல், சரி, இந்த வருடம் பார்க்கலாம் என்றார்.

ஜெபராஜ் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். திமிர் என்று சொன்னோமே என்று அந்தப் பெரிய குரல் சின்னதாகிவிட்டது. இனி போர்டைப் பார்த்துப் பேசுவதில்லை, அவள் முகத்துக்கு நேராக நின்று பேசுகிறேன் என்றார். மீசையைப் பற்றி நான் சொல்லவில்லை. ஓர் ஆணிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை. தன்யாவுக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. மறுநாள் அவர் அவள் எதிரில் நின்று நிறுத்தி நிறுத்திப் பாடம் சொன்னபோது, அவள் தன் மேலுதட்டில் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வைத்து வெட்டிக் காட்டினாள். வகுப்பே சிரித்தது.

"எங்க ஊர்ல தலகாட்ட முடியாது டீச்சர்" என்று என்னிடம் போனில் புலம்பினார். அடுத்த வாரம் நான் போனபோது வகுப்பில் யாரோ புது சார் நிற்கிறார் என்று நினைத்தேன். மேலுதடு பளிச்சென்று இருந்தது. பத்து வயது குறைந்துவிட்டீர்கள் சார் என்றேன். வீட்டுக்காரம்மாவும் அதைத்தான் சொல்லுதா என்று வெட்கப்பட்டார்.

பிள்ளைகள் அவருக்குத் தறிப்பேச்சு கற்றுக்கொடுத்தார்கள். அதில் அவர் சுமாரான மாணவர். கற்றுக்கொண்ட பிறகுதான் அவருக்கு இன்னோர் உண்மை தெரிந்தது. இத்தனை நாளும் தேர்வு நேரத்தில் அமைதியாக இருக்கும் நல்ல வகுப்பு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாரே, அந்த அமைதியில் விடைகளெல்லாம் காற்றில் பறந்துகொண்டிருந்தன. எல்லோருடைய விடையும் ஏன் ஒரே மாதிரி தப்பாக இருக்கிறது என்று அன்றுதான் விளங்கியது.

காதொலிக் கருவி வந்தது. பள்ளியில் போட்டுக்கொண்டாள். வீட்டில் கழற்றி வைத்தாள். தறி இரைச்சலையும் அது பெரிதாக்கித்தானே கொடுக்கும்? கழற்றத்தான் வேண்டும். அது தெரியாமல் ஓர் அதிகாரி வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, கருவி பயன்படுத்தப்படவில்லை என்று கோபமாக வந்தார். ஐந்து நிமிடம் அதைக் காதில் மாட்டிக்கொண்டு அந்தக் குடோனில் நின்று பாருங்கள் சார் என்றேன். அவர் அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கம் போகவில்லை.

இதில் பாடம் என்ன என்று உங்களில் யாராவது அடிக்கோடு போடக் காத்திருப்பீர்கள். ஒரு பிள்ளையைப் பார்க்கப் போனால், தறி ஓடும்போது ஒருமுறை போங்கள், நிற்கும்போது ஒருமுறை போங்கள். பனியன் கம்பெனிக்காரர் வீடாக இருந்தால் ஷிஃப்ட் நாளில் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை. ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் வீடாக இருந்தால் யாராவது ஒடியா தெரிந்தவரோடு ஒருமுறை, அவர் இல்லாமல் ஒருமுறை. அலுப்பாகத்தான் இருக்கும். சம்பளம் அதற்குத்தான். அடிக்கோடு போட்டுக்கொண்டாயிற்றா? இனி மிச்சத்தைக் கேளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், தன்யா ஆறாம் வகுப்பில் இருந்தாள். காது வளர்ந்ததில், காதுக்குள் செருகும் கருவியின் அச்சு பொருந்தாமல் போய், கீச்சென்று கத்த ஆரம்பித்திருந்தது. புது அச்சு வரும்வரை கருவியைக் கழற்றி வைத்திருந்தாள். அச்சு என் கைக்கு வந்த அன்று சனிக்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊரில் தறிச் சத்தம் இல்லை. மறுபடியும் கரண்ட் இல்லாத நாள்.

தறியும் இல்லை, கருவியும் இல்லை. பழைய மாதிரி நடையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். நடையில் யாரும் இல்லை. கதவு திறந்திருந்தது, உள்ளே துளிச் சத்தமில்லை. வீட்டைப் போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன்.

மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்து அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடராஜ் சோற்றுக் கையோடு என்னவோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். உதடு அசைகிறது, கை பறக்கிறது, பருப்பு பூங்கொடியின் மேல் தெறிக்கிறது. பூங்கொடி கையாலேயே அவரைத் திட்டுகிறார். தன்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்த வீட்டில் கேட்ட ஒரே குரல் அந்தச் சிரிப்புதான்.

நான் வாசலில் நின்றுவிட்டேன். கண் கலங்கியது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பூங்கொடிதான் முதலில் பார்த்தார். பார்த்ததும் பழக்கத்தில் உதட்டை அசைத்துக் கையைக் காட்டினார். சாப்பிட்டீங்களா என்கிறார், அது எனக்கே புரிந்தது. ஆச்சுங்க என்று வாய்விட்டுச் சொன்னேன். தன்யா என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அப்படி இல்லை என்று, தன் கையைத் தூக்கி, சாப்பிட்டாயிற்று என்பதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குச் செய்து காட்டினாள். நான் செய்தேன். சரியில்லை என்று மறுபடியும் செய்து காட்டினாள். நான் சரியாகச் செய்வதற்குள் பூங்கொடி தட்டு வைத்துச் சோறும் போட்டுவிட்டார்.

உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் குரல் எடுத்துப் பேசவில்லை. கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. அதுவரை தன்யாவுக்குக் கோபம் வரவில்லை.